ஏறுபவனுக்கு வழி

மலையிறங்கிப் பிழைக்கப் போய்த் திரும்பி வந்தவரிடம் அங்கே என்ன நடந்தது என்று மலைக்கிராமமான பள்ளங்கியில் யாரும் கேட்பதில்லை, வந்தவரும் சொல்வதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக அந்த ஊரில் எவரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனாலும் அது எல்லோருக்கும் தெரியும். திருப்பூரில் மூன்று விரல்களை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவருக்கும், கல்யாணமான ஆறாம் மாதமே பெட்டியோடு வந்து நின்ற பெண்ணுக்கும், பதினோரு வருடம் முகவரியே இல்லாமல் இருந்துவிட்டு ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவருக்கும் ஊர் கொடுத்த வரவேற்பு ஒன்றுதான்.

"வந்தாச்சா? குளிரு தாங்குதா?"

"தாங்குது."

அத்தோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கேட்டவருக்குத்தான் இழுக்கு. கேட்காமல் விடுவதை அவ்வூரார் மரியாதை என்று எண்ணினார்கள். பல பேருக்கு அது மரியாதையாகவே இருந்தும் இருக்கிறது.

மே மாதத் தொடக்கத்தில் செல்வமுருகன் ஊருக்கு வந்தபோது அவனுக்கும் அதே கேள்விதான் கிடைத்தது. கூடவே கொஞ்சம் சிரிப்பும் கிடைத்தது. ஏனென்றால் அவன் தோற்றுத் திரும்பியவன் அல்ல. அஸ்ஸாமில், பிரம்மபுத்திரா நதியில் ஓடும் சுற்றுலாப் படகு ஒன்றில் சுக்கான் பிடிப்பவன். மழைக்காலத்தில் படகு ஓடாது என்பதால் நான்கு மாத விடுப்பில் வந்திருந்தான்.

"தண்ணி மேல பஸ் ஓட்டுறவரு வந்துட்டாருடி," என்று தண்ணீர்க் குழாயடியில் நின்ற சோலையம்மாள் சத்தமாக வரவேற்றாள். ஊரில் பூண்டும் கேரட்டும் போடுகிற பெண்களில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் அவள். "ஏலே செல்வமுருகா, ரோடு இல்லாம வளைவ எப்பிடிய்யா கண்டுபிடிக்கிறே?"

"தண்ணியே காட்டிக் குடுத்துரும் அத்தே."

"ஆமா, நமக்குக் கொண்டை ஊசி வளைவு காட்டிக் குடுக்கிற மாதிரி," என்றாள் அவள். குழாயடி முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் பன்னிரண்டு வருடம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவன். வட்டக்கானலில் விருந்தினர் விடுதி நடத்திய ஒரு முதலாளி, அஸ்ஸாமில் படகு வாங்கியபோது, "பள்ளத்தாக்கு ஓரத்துல கண்ணை மூடிட்டு ஓட்டுறவன், ஆத்துல ஓட்ட மாட்டியா?" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போகப் பயந்து, அதே விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த விக்னேஷையும் இவன்தான் இழுத்துக்கொண்டு போனான். விக்னேஷுக்கு இவனைவிட எட்டு வயது குறைவு. அண்ணே என்று கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்கு உரிய எல்லாப் பாரத்தையும் நம்பிக்கையோடு இவன் தோளில் ஏற்றியிருந்தான்.

அங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் செல்வமுருகன் எவ்வளவோ சொல்லியிருப்பான். படகில் வாழ்வதென்பது எதுவும் உலராத இடத்தில் வாழ்வது. மேல்தளத்தில் பயணிகளுக்குப் பன்னிரண்டு அறைகள். அடித்தளத்தில் எஞ்சினுக்கு அடுத்த தடுப்பில் இவர்கள் இருவருக்கும் ஒரு பெட்டி. அதிலிருந்த வட்டச் சன்னலில் பாதி வானம், பாதி ஆறு. உப்பு தானாகக் கரைந்தது. தலையணையில் பூசணம் பூத்தது. பனிக்காலத்தில் துவைத்த சட்டை நான்கு நாளானாலும் ஈரம் மாறாது. அதை எஞ்சின் குழாயின் மேல் போட்டால் உலர்ந்துவிடும், ஆனால் டீசல் வாடையோடுதான் உடுத்த வேண்டும். வெயில் அடித்தால் மணல் பறந்து சோற்றில் விழும். நள்ளிரவிலும் ஓடும் ஜெனரேட்டர் என்றாவது நின்றுபோனால், அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்கள்.

அதைவிடக் கொடுமை, போவதாகப் பேர்பண்ணிக்கொண்டு போகாமலிருப்பது. சென்ற வாரம் ஆழமாக இருந்த தடம் இந்த வாரம் மேடாகியிருக்கும். தடம் காட்ட நட்ட மூங்கில்கள் உலர்ந்த மணலின் நடுவே அனாதையாக நிற்கும். ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் படகு வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் ஊர்ந்து கடக்கும் தூரத்தை, கரையில் சைக்கிளில் வருகிற ஒரு ஆள் சாவகாசமாகக் கடந்துபோவான். போகும்போது கையை வேறு ஆட்டுவான். ஒருமுறை மணல்திட்டில் தட்டி நான்கு நாள் அசையாமல் கிடந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு டீக்கடை. அதன் புகை தெரிந்தது, அங்கே சிரிப்பவர்களின் சத்தம் கேட்டது. ஆனால் இடையில் முழங்காலளவு சேறு. பயணிகள் மேலே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்க, கீழே இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூங்கிலால் படகின் வயிற்றை நெம்பினார்கள்.

"அண்ணே, நம்ம ஊர்ல வண்டி மக்கர் பண்ணுனா எறங்கி நடந்தாவது போயிரலாம்," என்று விக்னேஷ் மூச்சிரைத்தான். "இங்க எறங்குனா எங்கண்ணே போறது?"

"பேசாம தள்ளுலே."

"தள்ளத்தான் செய்யிறேன். ஆறுதான் எதிர்ல தள்ளுது."

மலையில் பிறந்த உடம்பு அந்தச் சமவெளியை ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணுக்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடமில்லை. ஏறுவதற்கு எதுவும் இல்லாததால் கெண்டைக்கால்கள் இரவில் வலித்தன. விக்னேஷ் மேல்தளத்துக்கும் அடித்தளத்துக்கும் காரணமில்லாமல் இருபது முப்பது தடவை படியேறி இறங்குவான்; சமையற்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். செல்வமுருகன் ஊரிலிருந்த மனைவி புவனாவோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினால், ஒரு ஊர் தாண்டியதும் சமிக்ஞை போய்விடும். அடுத்த ஊர் வருவதற்குள் இருவருக்கும் பேசவந்தது மறந்துவிடும்.

இவையெல்லாம் சொல்லக்கூடிய துன்பங்கள். சொன்னால் ஊர் உச்சுக்கொட்டியிருக்கும், சிரித்திருக்கும். இவற்றுக்கு அடியில் கிடந்த ஒன்றுக்காகத்தான், கேட்பாரில்லாத ஊரில் தான் பிறந்திருப்பதை எண்ணி அவன் ஓராண்டுக்கு மேலாக உள்ளூர நிம்மதி கொண்டிருந்தான். அந்த நிம்மதியே அவனுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

மலைப்பாதையில் ஒரு நியமம் உண்டு. எதிரெதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி. இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். பாரத்தோடு ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பாடு, பின்னால் உருளவும் கூடும். ஆற்றில் இந்த நியமம் தலைகீழ். நீரோட்டத்தோடு வருகிற படகுக்கு நிற்கும் வசதி இல்லை. நீரை எதிர்த்து ஏறுகிறவன்தான் குறுகலான தடத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டும். படகின் தலைமை ஓட்டியான சாரெங், தாடி நரைத்த மனிதர், இதை அவனுக்குப் பத்துமுறையாவது சொல்லியிருப்பார். ஏறுகிறவனுக்கு ஆறே பிரேக் போடும், இறங்குகிறவனுக்கு யார் போடுவார்கள் என்று கேட்பார். செல்வமுருகனின் புத்தி அதைக் கற்றுக்கொண்டது. கை கற்றுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு தை மாதம், காலை எட்டு மணி இருக்கும். பனி பாதி விலகியிருந்தது. சாரெங் சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். சமையலறையிலிருந்து அந்தப் பருவத்தில்தான் தளவேலைக்கு மாறியிருந்த விக்னேஷ், படகின் முன்முனையில் ஆழம் பார்க்கும் மூங்கிலோடு நின்றான். இரண்டு மணல்திட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிய தடம். படகு நீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. எதிரே, நீரோடு, பால் கேன்களும் ஐந்தாறு ஆட்களுமாக ஒரு நாட்டுப்படகு வந்தது.

"அண்ணே, வெளிய நிறுத்துங்க! படகு வருது! அண்ணே, நிறுத்துங்க!"

செல்வமுருகன் கேட்டான். படகையும் பார்த்தான். பார்த்த கணத்தில் அவன் பிரம்மபுத்திராவில் இல்லை. செண்பகனூருக்குக் கீழே ஏதோ ஒரு வளைவில் பாரம் ஏற்றிய ஜீப்போடு இருந்தான். கை தானாக ஹாரனை நீளமாக அழுத்தியது. நான் ஏறுகிறேன், நீ ஒதுங்கு. ஏறினான்.

ஒதுங்க முடியாத அந்தப் படகு திரும்பிய வேகத்தில் மணலில் மோதிச் சாய்ந்தது. ஆட்கள் தண்ணீரில் விழுந்தார்கள். யாரும் சாகவில்லை. பால் கொண்டுவந்த ஒருவரின் கால் இரண்டு படகுகளுக்கும் நடுவே மாட்டி நொறுங்கியது. அவரை மேலே தூக்கியபோது அவர் கத்தவில்லை. பிளந்த கேன்களிலிருந்து ஆற்றில் வெள்ளையாக விரிந்துகொண்டிருந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கரையிலிருந்த அலுவலகத்தில் விசாரணை. கம்பெனி ஆட்கள் இருவர் இந்தியில் கேட்டார்கள். பனியில் எதிர்ப்படகு தெரியவில்லை, முன்முனையிலிருந்து குரல் வந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று செல்வமுருகன் சொன்னான். பிறகு விக்னேஷை அழைத்தார்கள். அவனுக்கு இந்தி பேச வராது. ஆகவே அவன் தமிழில் சொல்வதைச் செல்வமுருகனே இந்தியில் சொல்லும்படி ஆயிற்று. அந்த ஏற்பாடு எவ்வளவு கோணலானது என்பது அந்த அறையில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"மூணு தடவ கத்துனேன். கைய ஆட்டுனேன். அண்ணன் ஹாரன் அடிச்சாரு," என்றான் விக்னேஷ்.

கம்பெனி ஆள் செல்வமுருகனைப் பார்த்தார்.

செல்வமுருகன் இந்தியில் சொன்னான்: விடியற்காலையில் எழுந்த களைப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொல்கிறான். தப்புதான் என்கிறான்.

விக்னேஷ் அவனைத் திரும்பிப் பார்த்தான். நீட்டிய தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் ரயில் ஏறினான்.

இந்தச் செய்தி வட்டக்கானல் விடுதி வழியாக அவனுக்கு முன்பே பள்ளங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது: காவலுக்கு நின்ற இடத்தில் தூங்கி, படகைக் கவிழ்த்துவிட்டவன். ஊர் அவனிடம் குளிர் தாங்குகிறதா என்று கேட்டது. அவன் தாங்குகிறது என்றான். யாரும் கேட்காததால் அவன் மறுக்கவும் இடமில்லாமல் போயிற்று. அந்த வருட விடுப்பில் செல்வமுருகன் ஊருக்கு வரவில்லை. படகுக்குப் பழுதுபார்க்கும் வேலை என்று சாக்குச் சொல்லிவிட்டான்.

இந்த முறை வந்த மூன்றாம் நாள், ஊருக்குக் கீழே கேரட் கழுவும் தொட்டியருகே விக்னேஷ் மூட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து இறங்கிப் போனான். மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியங்களைப் பாதி வழியில் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தான். அருகில் போனதும் வாயில் வந்தது வேறு.

"வெள்ளனே ஆரம்பிச்சுட்டே போல."

"ஆமாண்ணே. வெரசா கட்டுனாத்தான் பத்து மணி வண்டிக்கு ஏத்தலாம்." விக்னேஷின் குரலில் கசப்பு இல்லை. அது இருந்திருந்தால் செல்வமுருகனுக்கு வசதியாக இருந்திருக்கும். "உக்காருங்கண்ணே, கல்லு ஈரமாக் கெடக்கு, இந்தச் சாக்க விரிச்சுக்கங்க."

செல்வமுருகன் உட்கார்ந்தான். விக்னேஷ் கோணி ஊசியை இழுத்துக்கொண்டே சொன்னான்:

"நாளைக்கு மீட்டிங் இருக்குல்ல. வெவசாயிக சங்கத்துல புது பிக்கப் எடுத்திருக்காங்கள்ல. டிரைவர் போடப் போறாங்க. நானும் பேரு குடுத்திருக்கேன். போன வருசமே லைசென்ஸ் எடுத்துட்டேண்ணே. எட்டு மாசமா செண்பகனூர்ல ஒருத்தரு வண்டிய ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல. இது கெடச்சா வீட்ல இருந்தாப்புலயும் ஆச்சு. சுபஸ்ரீக்கு இது ஏழாம் மாசம்."

"உனக்குத்தான் குடுப்பாங்க."

"பாப்போம்." ஊசி நின்றது. "ஊரு ஆளுக ஏறிப் போற வண்டிண்ணே. யோசிக்கத்தான் செய்வாங்க."

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செல்வமுருகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "விக்னேஷு, அன்னைக்கு ஆபீஸ்ல நான்..." என்று தொடங்கினான்.

"விடுங்கண்ணே. கீழ நடந்தது கீழ."

அவன் மூட்டையைத் தூக்கி வரிசையில் அடுக்கிவிட்டு வந்தான். இன்னொன்றைத் தைத்தான். பிறகு, பருவநிலையைப் பற்றிச் சொல்வதைப் போன்ற குரலில் சொன்னான்:

"எனக்கு இந்தி பேசத்தாண்ணே வராது. கேட்டாப் புரியும். ரெண்டு வருசம் அந்தச் சமையக்கட்டுல வேற என்ன பாசை கேட்டேன்?"

செல்வமுருகன் எழுந்தான். விரித்த சாக்கை மடித்து வைக்க வேண்டும் என்று தோன்றி, மடித்தான். சரியாக மடிக்க வரவில்லை. ஓராண்டுக்கு மேலாக அவன் தன் குற்றத்துக்குள் ஒரு சிறு தஞ்சம் கட்டி வைத்திருந்தான். தான் இந்தியில் மாற்றிச் சொன்னது விக்னேஷுக்குத் தெரியாது, எஞ்சின் சத்தத்தில் தன் குரல் அண்ணனுக்குக் கேட்கவில்லை என்றே நினைத்திருப்பான், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கையெழுத்துப் போட்டான் என்பது அந்தத் தஞ்சம். இப்போது அதுவும் இல்லை. தான் சொன்னதாகச் சொல்லியே தன்மேல் பழி போடப்படுவதைச் சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டு ஒருவன் அந்த அறையில் நின்றிருக்கிறான். கேட்டபின்னும் அண்ணே என்கிறான். உட்காரச் சாக்கு விரிக்கிறான்.

அன்று மாலை புவனா அவனுக்குத் தட்டை வைத்துக்கொண்டே, ஊரார் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதைச் சொன்னாள். சங்கத் தலைவர் பொன்னுச்சாமி மாமாவே வந்து விசாரித்தாராம்.

"உங்களையே டிரைவராப் போட்டாக்கூட நல்லதுன்னு பேசிக்கிறாங்க. ஆத்துல ஓட்டுன கைக்கு மலை என்னன்னு."

"நான் செப்டம்பர்ல போகணும்ல."

"அதத்தான் நானும் சொன்னேன்." சோற்றை அள்ளி வைத்தாள். "அந்த விக்னேஷு பொண்டாட்டி சுபஸ்ரீப் புள்ளதான் என்னையக் கண்டா கொடத்த எடுத்துக்கிட்டு அந்தால போயிருது. வயித்துப் புள்ளக்காரி, ரெண்டு வார்த்த பேசலாம்னு பாத்தா முகங்குடுக்க மாட்டேங்குது. என்னான்னு நானும் கேக்கல."

அவள் கேட்டிருக்கலாம். அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழம்புச் சட்டியைத் திறந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயிலை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். புது வண்டி வாசலில் மாலையோடு நின்றது. வாரம் இரண்டுமுறை அது பூண்டு மூட்டைகளையும் ஏழெட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போய் வர வேண்டும். ஆகவே யார் கையில் அதைக் கொடுப்பது என்பது எல்லா வீட்டுக்கும் உயிர்ப் பிரச்சினைதான்.

பொன்னுச்சாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பேரு குடுத்தது ரெண்டு பேரு. ஒண்ணு செண்பகனூர் சண்முகராஜ், வெளியாளு. இன்னொண்ணு நம்ம விக்னேஷு."

பின்வரிசையில் சுவரோரம் விக்னேஷ் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். தலையை நன்றாகப் படிய வாரியிருந்தான்.

"பையன் நல்ல பையன்தான்," என்றார் பொன்னுச்சாமி. "அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"நல்ல பையன்தான், யாரு இல்லேன்னா," என்றாள் சோலையம்மாள். "ஆனா மாமா, மலையில கண்ணு ஒரு நிமிசம் அசந்துச்சுன்னா, அப்புறம் பூண்ட எல்லாம் பள்ளத்துல எறங்கித்தான் பொறுக்கணும். நம்மளயும் சேத்துப் பொறுக்கணும்."

ஒருவர் சிரித்தார், சிரித்ததற்காக இருமினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் எதையும் கேட்கவில்லை, கீழே நடந்த எதையும் சொல்லவில்லை. விதி மீறப்படவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த முப்பது பேருக்கும் எதைச் சொல்கிறாள் என்பது தெரிந்திருந்தது. விக்னேஷின் காது மட்டும் சிவந்தது. அந்தக் கணத்தில் செல்வமுருகனுக்கு ஒன்று விளங்கியது: தன்னை இதுவரை மூடிக் காப்பாற்றி வந்த அதே மௌனம்தான் விக்னேஷின் கழுத்தை இத்தனை நாளும் அழுத்திக்கொண்டிருக்கிறது.

"செல்வமுருகா, நீ என்னப்பா சொல்றே?" என்றார் பொன்னுச்சாமி. "வண்டிய நீ எடுத்துக்கிறியா? திரும்பப் போகாம இங்கயே இருந்துருவேன்னா, எல்லாருக்கும் சம்மதம்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் எழுந்தான்.

"எனக்கு வேணாம் மாமா. விக்னேஷுக்கே குடுங்க. அவன் நல்லா ஓட்டுவான். நான் பொறுப்பு."

ஒரு நிமிடம் கூடம் அவனை அன்போடு பார்த்தது. அவன் எதிர்பார்க்காதது அதுதான்.

"பாத்தியா, அதாம்ப்பா பெரிய மனசுங்கிறது," என்றார் பொன்னுச்சாமி. "அவ்வளவுக்குப் பெறகும் விட்டுக்குடுக்க மாட்டேங்கிறான் பாரு."

"கூட்டிட்டுப் போன பாவத்துக்கு இன்னமும் சொமக்குறான்," என்றாள் சோலையம்மாள், இந்த முறை கேலியில்லாமல். "நல்ல மனுசன்டா நீ."

பெண்கள் பக்கத்திலிருந்து புவனா பெருமையோடு அவனைப் பார்த்தாள். இரண்டு வரிசை தள்ளி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. செல்வமுருகன் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லாமல் நல்லது செய்துவிடலாம் என்று நினைத்திருந்தான். அதுவும் விக்னேஷிடமிருந்து பிடுங்கித் தனக்கே சேர்த்துக்கொண்ட ஒன்றாகப் போய்விட்டது. அவன் மன்னிக்கிறவனாகவும் விக்னேஷ் மன்னிக்கப்பட்டவனாகவும் இனி இந்த ஊரில் வாழ்வார்கள். பிறக்கப்போகிற பிள்ளையும் அந்த மன்னிப்பின் நிழலில்தான் வளரும்.

"அப்பச் சரி," என்றார் பொன்னுச்சாமி, கையெழுத்துப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு. "செல்வமுருகன் மனசு அது. நம்ம பாதுகாப்பையும் பாக்கணும்ல. சண்முகராஜையே போட்டுருவோம். விக்னேஷு, வருத்தம் இல்லியேப்பா?"

விக்னேஷ் எழுந்து நின்றான். "இல்லீங்க மாமா," என்றான். "லோடு ஏத்தி எறக்க ஆளு வேணும்னா சொல்லுங்க, வர்றேன்."

செருப்பைத் தேடிக்கொண்டு வாசல்பக்கம் நகர்ந்தான்.

"மாமா, எழுதாதீங்க," என்றான் செல்வமுருகன்.

உட்கார்ந்தபடியே சொன்னதால் சிலருக்குக் கேட்கவில்லை. எழுந்து மறுபடி சொன்னான். "எழுதாதீங்க. ஆத்துல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணும்."

கூடம் அசைந்தது. ஒருவர் அவசரமாக மேற்கூரையைப் பார்த்தார். சோலையம்மாள் முந்தானையை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள், அநாகரிகமான ஒன்றைக் காணப்போகிறவளைப் போல.

"கீழ் சோலி எதுக்குப்பா இங்க," என்றார் பொன்னுச்சாமி, குரலைத் தாழ்த்தி. "யாரும் உன்னையக் கேக்கலியே."

"அதுதான் மாமா. நீங்க யாரும் கேக்க மாட்டீங்க. கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நான் ஊருக்கே வந்தேன்."

"அண்ணே," என்றான் வாசலிலிருந்து விக்னேஷ். அவன் குரல்தான் அந்தக் கூடத்திலேயே அதிகமாக நடுங்கியது. "உக்காருங்கண்ணே. வேணாம்."

செல்வமுருகன் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். புவனாவைப் பார்த்தான். அவள் முகத்தில் பெருமை இன்னும் முழுதாக அழியவில்லை. என்ன வரப்போகிறது என்பதும் அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"படகு என் கையில இருந்துச்சு. எதிர்ல படகு வர்றத நான் பாத்தேன். ஆத்துல எறங்கி வர்றவனுக்குத்தான் வழி விடணும். நான் நம்ம ரோட்டு நெனப்புல ஏறிட்டேன். ஒரு ஆளு காலு போச்சு." நிறுத்தாமல் சொன்னான். "விக்னேஷு மூணு தடவ கத்துனான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. விசாரணையில அவன் அதத்தான் சொன்னான், தமிழ்ல. இந்தியில மாத்திச் சொன்னது நான். அவன் தூங்கல, மாமா. தூங்குனான்னு சொன்னவன் நான்."